மோட்டார் ரூம் உஷ்ணாம்பிகையின் தல வரலாறு

கூட்டத்திற்கு வந்திருந்தோர்:

திரு. சுந்தரேசன், தலைவர். மத்திய அரசில் இணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தளம்.

திருமதி சாவித்திரி, மேற்படியாரின் மனைவி. பக்திப் பிரிவு. தரைத்தளம், மேற்படி.

திரு. நல்லசிவம், செயலாளர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

செல்வன் ப்ரசன்னா, 'டிஜிட்டல்' பிரிவு. குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங். தமிழ் பேசுவான், படிக்க மாட்டான்.

நான், மூன்றாம் மாடி. நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுப் பகலில் சும்மா இருப்பவன். தில்லி மோதி பாக் பள்ளியில் தமிழில் படித்த குற்றத்துக்காகக் கூட்டக் குறிப்பு எழுதும் பணி தரப்பட்டவன்.

கோவிந்தம்மாள். கூட்டம் அவள் படுக்கும் இடத்திலேயே நடந்ததால் அவளை 'வந்திருந்தவள்' என்று சேர்ப்பதா வேண்டாமா என்று கேள்வி எழுந்தது. முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

பத்ரிநாத்தில் தப்த குண்டம் இருக்கிறது. யமுனோத்ரியில் சூரிய குண்டம் இருக்கிறது. மணிகரணில் கொதிக்கக் கொதிக்க ஊற்று இருக்கிறது. எல்லாம் ஏதோ இயற்கையின் தயவில், முன் அனுமதி எதுவும் பெறாமல் உண்டானவை. கமிட்டி கூடி, தீர்மானம் நிறைவேற்றி, முறையான அலுவலக நடைமுறைப்படி உண்டான புனித வெந்நீர் ஊற்று உலகிலேயே ஒன்றுதான். அது மயூர் விஹாரில், எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் மோட்டார் ரூமில் இருக்கிறது. இமயமலையால் முடியாததை நாங்கள் செய்தோம். அதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

மோட்டார் ரூம் சுந்தரேசன் சார் வீட்டுப் பாத்ரூம் சுவரை ஒட்டினாற்போல் இருக்கிறது. முன்பாதியில் தண்ணீர் மோட்டார். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். பின்பாதியில் பழைய சாமான் போடும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது, பின் சந்துப் பக்கம் ஒரு தகரக் கதவு மட்டும் உண்டு.

முன்பாதியில் கோவிந்தம்மாள் இருந்தாள். எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளுக்கு அவள்தான் பாத்திரம் தேய்ப்பவள். ஜங்புராவில் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது அவள் குடிசையும் போயிற்று. சிலருக்கு ஊர்க்கோடி நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. காலையில் மோட்டார் போட வேண்டும், தொட்டி நிரம்பியதும் நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டில் மோட்டார் ரூமில் 'தற்காலிகமாக'த் தங்க கமிட்டி அவளுக்கு இடம் கொடுத்தது. அந்தச் சொல்லின் கீழே சுந்தரேசன் சார் தம் கையாலேயே இரண்டு கோடு போட்டார்.

மார்கழி வந்தது. தமிழ்நாட்டில் மார்கழிக் குளியல் பக்தி. தில்லியில் அது வீரச்செயல். அந்தச் சமயத்தில் ஒரு காலை, சால்வையும் குரங்குக் குல்லாயுமாக நடந்துகொண்டிருந்த சுந்தரேசன் சார் மோட்டார் ரூம் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே புகை போல ஆவி. நடுவில் கோவிந்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏது வெந்நீர்?" என்றார்.

"வருது சாரு."

"வருதுன்னா? எங்கேர்ந்து?"

"செவுத்துலேர்ந்து. குளிரு ஆரம்பிச்சதுலேர்ந்து வருது. கையி மரத்துப் போவல, நல்லாருக்குது."

அதே நேரம் பாத்ரூம் ஜன்னலுக்குள்ளிருந்து சாவித்திரி மாமியின் குரல் வந்தது. "ஏன்னா! இன்னிக்கும் கீசர்ல வெந்நீர் சொட்டுக்கூட வரலை. பச்சைத் தண்ணியாக் கொட்டறது!"

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்பான். சுந்தரேசன் சார் முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர். இரண்டு செய்திகள் இரண்டு ஃபைலில் வந்தால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

"பாத்தியா சாவித்திரி!" என்று அவர் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். "நமக்கு இல்லேன்னாலும் ஒரு ஏழைக்குக் கொடுத்திருக்கா அம்பாள்!"

சுந்தரேசன் சாருக்கு வெந்நீர் ஊற்று புதிதல்ல. சர்வீஸில் இருந்தபோது எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் அரசாங்கச் செலவில் போய், நாட்டில் உள்ள புனித வெந்நீர் எல்லாவற்றிலும் இறங்கி எழுந்தவர். ஹரியானாவில் சோஹ்னாவில் ஊற்று இருக்கிறது, அதன் கிளை பூமிக்கடியில் யமுனையைத் தாண்டி வந்துவிட்டது என்று அன்று காலையே கண்டுபிடித்தார். ஏன் நம் சொசைட்டிக்கு வந்தது என்று நான் கேட்டேன்.

"ஏன்னா இங்கேதான் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி இருக்கார்" என்றான் ப்ரசன்னா. கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று தெரியவில்லை. சுந்தரேசன் சார் அதைக் குறிப்பில் எழுதச் சொன்னார்.

முதல் கூட்டம் ஊற்றின் எதிரிலேயே, கோவிந்தம்மாளின் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நடந்தது. முதல் தீர்மானம் பெயர். 'ஸ்ரீ உஷ்ணாம்பிகை' என்று ஏகமனதாக வைக்கப்பட்டது. இரண்டாவது, விஞ்ஞானப் பரிசோதனை. நல்லசிவம் சார் வீட்டிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து சுவரோரத் தண்ணீரில் வைத்தார். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர்.

"நூத்தி மூணு" என்றார். திருநெல்வேலிக்காரர், சுருக்கமாகப் பேசுவார்.

"ஐயையோ, அம்பாளுக்கு ஜுரமா?" என்றாள் மாமி.

"அது அம்பாளுக்கு நார்மலா இருக்கும்லா."

மூன்றாவதுதான் முக்கியம். யமுனோத்ரியில் அரிசியைத் துணியில் முடிந்து குண்டத்தில் போடுவார்கள். அது வெந்ததும் எடுத்துப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அரிசி வெந்தால்தான் குண்டம் உண்மையான குண்டம் என்பது சுந்தரேசன் சாரின் சித்தாந்தம். மாமி சரோஜினி நகரில் வாங்கிய மஞ்சள் துப்பட்டாவின் மூலையில் பொன்னி அரிசியை முடிந்து போட்டாள். எல்லோரும் சஹஸ்ரநாமம் சொன்னோம். முடித்து எடுத்துப் பார்த்தால் அரிசி அரிசியாகவே இருந்தது. கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். துப்பட்டாவின் சாயம் மட்டும் முழுசாக வெந்துவிட்டது.

கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஊறியிருக்குது. இட்லிக்கு ஆட்டலாம்" என்றாள்.

சுந்தரேசன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எழுதிக்கோப்பா. 'அரிசி தெய்வீகமாக ஊறியது.' வடக்கே வேகற சம்பிரதாயம். தெற்கத்தி சம்பிரதாயம் ஊறறது. நாமெல்லாம் தெற்கத்திக்காரா."

அன்றிலிருந்து எங்கள் ஊற்றின் பிரசாதம் ஊறிய அரிசி. பக்தர்கள் அதை வாயில் போட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மெல்லுவார்கள். தியானம் என்று நினைத்தவர்கள் உண்டு.

கடைசியாக, 'பிற' என்ற தலைப்பின் கீழ் கோவிந்தம்மாள். அவள் அங்கேயே படுத்துக்கொள்ளலாம், ஆனால் இனி புனித நீரைத் தொடக்கூடாது, பாத்திரங்களை வெளிக்குழாயில் பச்சைத் தண்ணீரில் தேய்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"தொடல சாரு" என்றாள் அவள். "படுத்துக்கலாம் இல்ல? அது மட்டும் சொல்லிடுங்க."

"தற்காலிகமா" என்றார் சுந்தரேசன் சார்.

ஊற்று பரவியது. ப்ரசன்னா எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சொசைட்டிகளிலிருந்து வந்தார்கள். பஞ்சாபிக் குடும்பங்கள் வந்து 'உஷ்ணா மாதா கீ ஜெய்' என்றார்கள். முழங்கால் வலி போயிற்று என்று ஒருவர் சொன்னார், விசா கிடைத்தது என்று இன்னொருவர் சொன்னார். ரிட்டையர் ஆனபின் ஒரு ஃபைல், ஒரு பியூன், வாசலில் காத்திருக்கும் ஒரு மனிதன்கூட இல்லாமல் மெலிந்துபோயிருந்த சுந்தரேசன் சாருக்குக் கன்னத்தில் சதை போட்டது. 'தரிசன நேரம் குறித்த சுற்றறிக்கை', 'ஈரத்துணி குறித்த வழிகாட்டு நெறிமுறைகள்' என்று தினம் ஒன்று எழுதினார். எதிர் சொசைட்டித் தலைவர் ரங்கராஜன் மட்டும் வரவில்லை. அவர்களிடம் பெரிய அனுமார் இருந்தார். 'அனுமார் இருக்கிற இடத்தில் வெந்நீர் எதற்கு' என்று அவர் சொன்னதாகத் தகவல். சுந்தரேசன் சார் அதைப் பதினைந்து பக்கத்தில் மறுத்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஜீவன் தினமும் பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்தது. சாவித்திரி மாமி. ஊருக்கெல்லாம் வெந்நீர் கொடுக்கும் அம்பாள் தன் கீசருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் கணவர் பஜனைக்குப் போன நேரத்தில் பிளம்பர் முன்னாவைக் கூப்பிட்டாள். முன்னா வந்து, சுவரைத் தட்டி, டைல்ஸைப் பெயர்த்து, குழாயை மாற்றி, டீ குடித்துவிட்டுப் போனான். மாமி அன்று ஆனந்தமாக வெந்நீரில் குளித்தாள்.

அதே மத்தியானம் உஷ்ணாம்பிகை நின்றுபோனாள். சுவரோரத்தில் சில்லென்று கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதுவும் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

அவசரக் கூட்டம்.

"அம்பாள் கோச்சுண்டுட்டா" என்றார் சுந்தரேசன் சார். சங்கராந்தி ஸ்நானத்துக்கு அழைப்பிதழ் போயிருந்தது. ரங்கராஜனுக்கும் போயிருந்தது, அவர் வருவதாகவும் சொல்லியிருந்தார்.

"விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் போடலாம்" என்றார் நல்லசிவம் சார்.

"யாருக்கு, அங்கிள்?" என்றான் ப்ரசன்னா.

"அம்பாளுக்குத்தான்."

போட்டோம். 'முன்னறிவிப்பின்றிப் பணியிலிருந்து விலகியதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்' என்று என் கையெழுத்தில், மஞ்சள் தடவி, சுவரில் ஒட்டப்பட்டது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் அந்த அறையில் உள்ள வேறு யார் மீதாவது நடவடிக்கை எடுப்பது அலுவலக மரபு. அறையில் வேறு யார் இருந்தது? கோவிந்தம்மாள்.

"தெய்வம் இருக்கற எடத்துல பாய் போட்டுப் படுக்கறது, துணி உலர்த்தறது… சுத்தம் வேண்டாமா?" என்றார் சுந்தரேசன் சார், அவளைப் பார்க்காமல்.

"மொதல்ல நான் வந்தேன் சாரு. சாமி எனக்கு அப்புறந்தான் வந்துச்சு."

"அதுக்கு என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. கேம்ப்ல ஜேசிபி வெச்சுத் தள்ளுனாங்க. நீங்க சாமிய வெச்சே தள்ளிட்டீங்க. டீசல் மிச்சம்." பாயைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். எங்கே போவாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"பாலத்துக்கு அடியில நம்மாளுங்க கொஞ்சம் பேரு இருக்காங்க. எடம் புடிக்கணும்" என்றாள். அன்று மத்தியானமே வெயில் இல்லை. வாயைத் திறந்தால் ஆவி வந்தது.

அவளை வெளியேற்றிய பிறகும் அம்பாள் மனம் இரங்கவில்லை. நான் முன்னாவைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். "பாபி ஜீ கா பைப் லீக் தா, பையா" என்று அவன் சிரித்தான். கீசர் குழாயில் விரிசல். வெந்நீர் முழுக்கச் சுவருக்குள் இறங்கி அந்தப் பக்கம் வழிந்திருக்கிறது. இப்போது அடைத்துவிட்டான். இதைக் கமிட்டியில் சொன்னேன். வேலையில்லாத பையனுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு ஆகாது என்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"முன்னா சொல்றது ஃபேக்ட்" என்றார் சுந்தரேசன் சார். "நாம பேசறது ஃபெய்த். ரெண்டும் வேற வேற செக்‌ஷன்."

நல்லசிவம் சார் இன்ஜினீயராக யோசித்தார். "அந்தப் பைப்பைத் திரும்பவும் உடைச்சிருவோமா?"

"என் பாத்ரூம்ல யாராவது கை வெச்சேள், நான் பொட்டியக் கட்டிண்டு கும்பகோணம் போயிடுவேன்!" என்றாள் மாமி. தீர்மானம் கைவிடப்பட்டது.

ப்ரசன்னா ராடு யோசனையைச் சொன்னான். தில்லிக் குளிரில் வாளியில் முக்கி வெந்நீர் போடும் மின்சார ராடு. ஊற்று இருந்த இடத்தில் ஒரு பள்ளம் தோண்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு ராடுகளைச் செம்பருத்தி மாலையால் மறைத்துப் போட்டோம். ஆவி வந்தது. சுந்தரேசன் சார் கண்ணீர் மல்க வலது காலை வைத்தார். வைத்த மாத்திரத்தில் 'ஹா' என்று பின்னால் பறந்து வந்து நல்லசிவம் சாரின் மேல் விழுந்தார்.

"சக்தி!" என்றார், தரையில் கிடந்தபடியே. "ஓய், உச்சந்தலை வரைக்கும் சக்தி பாஞ்சது!"

"எனக்கும் கொஞ்சம் பாஞ்சிட்டு சார்" என்றார் அடியில் இருந்த நல்லசிவம்.

அளவுக்கு மீறிய சக்தியைச் சாதாரணப் பக்தர்கள் தாங்க மாட்டார்கள் என்ற கருணையால் ராடுகள் நீக்கப்பட்டன. சங்கராந்தி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சாவித்திரி மாமி வாய் திறந்தாள். "பின்னாடி சாமான் ரூம்ல ஒருத்தர் உக்காந்துண்டு, அடுப்புல அண்டா வெச்சுக் காய்ச்சி, ஒரு பைப் வழியா இந்தப் பக்கம் ஊத்தினா என்ன?"

நல்லசிவம் சார் எழுந்துபோய்த் தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார். மகத்தான கருத்துகள் இப்படித்தான் பிறக்கின்றன.

"யார் உக்காருவா?" என்றார் சுந்தரேசன் சார்.

எல்லோரும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு, இவன் வாய் சும்மா இருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

"கோவிந்தம்மா" என்றாள் மாமி. "பாவம், அவளுக்கும் ஒரு எடம் ஆச்சு."

அசுத்தம் என்று வெளியேற்றப்பட்டவளைத் திரும்பக் கூப்பிடுவதில் சாஸ்திரச் சிக்கல் இருக்குமோ என்று நான் கேட்டேன். இல்லை என்றார் சுந்தரேசன் சார். அவள் முன்பாதியில் இருந்தால்தான் அசுத்தம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது 'சேவை'.

மேம்பாலத்துக்கு அடியில் போய் அவளைக் கூட்டிவந்தது நான்தான். இருமிக்கொண்டே வந்தாள். சாமான் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன கேஸ் சிலிண்டர், அடுப்பு, அண்டா, ஒரு சொம்பு, தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் பி.வி.சி. குழாய், அதன் வாயில் ஒரு புனல்.

"வெந்நி போட்டு ஊத்தணும். அவ்ளோதானே? படுத்துக்கலாமா?"

"தாராளமா" என்றார் சுந்தரேசன் சார். "தரிசன நேரத்துல மட்டும் வெளியே வரக்கூடாது. யாராவது பாத்துட்டா பக்தாளோட மனசு புண்படும். அதனால வெளியில ஒரு பூட்டு."

"பூட்டா?"

"உன்னோட பாதுகாப்புக்காக."

அவள் சிரித்தாள். "இத்தினி வருஷம் வூடு வூடா வேல செய்யிறேன். எல்லா வூட்லயும் என்னாண்டேர்ந்து பாதுகாக்கத்தான் பூட்டு போடுவாங்க. எனக்குப் பாதுகாப்பு இதான் மொத தபா."

சங்கராந்தி ஸ்நானம், தில்லித் தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி. நாதஸ்வரம் ஸ்பீக்கரில் ஒலித்தது. பள்ளத்துக்கு டைல்ஸ் பதித்து, குழாயின் வாய்க்கு ஒரு பித்தளைப் பசுத்தலை வைத்து, குண்டமாக்கியிருந்தோம். ப்ரசன்னா மணியை ஒரு தடவை அடித்தால் சொம்பு வெந்நீர் வர வேண்டும், இரண்டு தடவை அடித்தால் நிற்க வேண்டும். அது ஆகமப்படி என்று பக்தர்கள் நினைத்துக்கொண்டார்கள். ரங்கராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சந்தேகத்தோடு விரலை வைத்தார். சுட்டது. இரண்டாவது விரலையும் வைத்தார்.

"அட, நிஜமாவே சுடறதே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சுந்தரேசன் சார் இத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கூட்டம் ஏறிக்கொண்டே போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் இல்லாத அறையில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. இது நல்லதல்ல என்று எனக்குப் பட்டது. பூட்டின் சாவியை வைத்திருந்த நல்லசிவம் சாரிடம் போய் அந்தக் கதவை ஐந்து நிமிஷம் திறந்து வைக்கலாமா என்றேன். "ஆள் நடமாட்டம் இருக்கு தம்பி, தெரிஞ்சிரும்" என்றார்.

அப்போது பசுவின் வாயிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக ஒரு குரல் வந்தது. குழாய்க்குள் புகுந்து, பித்தளையில் மோதி, கணீரென்று வந்தது.

"கதவத் தொறங்க!"

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். மறுபடியும் குரல்.

"கதவத் தொறங்க! மூச்சு முட்டுது!"

முதலில் விழுந்தது ரங்கராஜன். நெடுஞ்சாண்கிடையாக, ஈரத் தரையில். அவரைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள். விழ இடம் இல்லாதவர்கள் வெளியே போய் விழுந்தார்கள். "அம்பாள் பேசறா! அம்பாள் பேசறா!" என்று மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் மாமி மட்டும் கணவரைப் பார்த்தாள். சுந்தரேசன் சாரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது அமைச்சர்களின் வாயிலிருந்து வந்த எதற்கும் பொருள் சொன்ன மனிதர் அவர்.

"கதவைத் திற என்கிறாள் தாய்!" என்று முழங்கினார். "எந்தக் கதவை? உள்ளக் கதவை! நாம் பூட்டி வைத்திருக்கும் இதயக் கதவை!"

"ஆஹா!" என்றது கூட்டம்.

"மூச்சு முட்டுதுன்னு சொன்னாளே, அங்கிள்?" என்றான் ப்ரசன்னா, கேமராவைப் பிடித்தபடி.

நல்லசிவம் சார் முந்திக்கொண்டார். "டெல்லிக் காத்துல்லா! அம்பாளுக்கே தாங்க முடியலை. பொல்யூஷனைப் பத்தித் தெய்வமே கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கு!"

கைதட்டல் எழுந்தது. காற்று மாசைப் பற்றி ஒரு தெய்வம் பேசியது நாட்டிலேயே முதல் தடவை என்று ப்ரசன்னா நேரலையில் அறிவித்தான். இந்தியில் ஒருவர் 'மாதா கோ பீ ஏ.க்யூ.ஐ. கீ சிந்தா ஹை', மாதாவுக்கும் காற்று மாசுக் கவலை, என்று அழுதார். பசுவின் வாயிலிருந்து இருமல் வந்தது. பிறகு, "அடப் பாவிங்களா…"

"பாவிகளே என்று நம் அனைவரையும் அழைக்கிறாள்!" என்றார் சுந்தரேசன் சார். கூட்டம் அந்த அழைப்பை ஏற்று மறுபடி விழுந்தது.

நான் பின் சந்துக்கு ஓடினேன். கதவை உதைத்தேன். பூட்டு நல்ல பூட்டு. திரும்ப ஓடிவந்து நல்லசிவம் சாரின் கையைப் பிடித்துச் சாவி கேட்டேன்.

"ஆரத்தி முடியட்டும்டே. நடுவுல எந்திரிச்சுப் போனா நல்லாருக்காது."

"அவ செத்துருவா சார்."

"சத்தம் வருதுல்லா. சத்தம் வர்ற வரைக்கும் பயமில்லை."

அந்த நேரம் சத்தம் நின்றுவிட்டது. மணி அடித்தும் தண்ணீர் வரவில்லை, குரலும் வரவில்லை. அருள்வாக்கு முடிந்தது என்று கூட்டம் பக்தியோடு மௌனமாயிற்று. நான் அவர் வேட்டி மடிப்பில் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். ஒரு மூத்த குடிமகனின் வேட்டியில் சன்னிதியில் கைவைத்ததற்காக என்மீது கண்டனத் தீர்மானம் பின்னர் நிறைவேறியது. அதுவும் ஏகமனதாக.

கதவைத் திறந்ததும் ஆவியும் அனலும்தான் முதலில் வெளியே வந்தன. கோவிந்தம்மாள் வாசற்படியை ஒட்டி, கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்துக் கிடந்தாள். இழுத்துச் சந்தில் போட்டேன். அடுப்பை அணைத்தேன். ரொம்ப நேரம் இருமினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, தில்லியின் அந்தப் பழுப்புக் காற்றை, ஊட்டிக் காற்றைப்போல இழுத்து இழுத்துக் குடித்தாள்.

"மணி அடிச்சிட்டே இருந்தான் அந்தப் புள்ள" என்றாள். "ஒரு மணிக்கு ஒரு சொம்புன்னு சொன்னாங்களே தவிர, மூச்சு வுடறதுக்கு எத்தினி மணின்னு யாரும் சொல்லல."

கூட்டம் கலைந்ததும் கமிட்டி சந்துக்கு வந்தது. சுந்தரேசன் சார் கையில் பொங்கல் கிண்ணம். நெகிழ்ந்துபோயிருந்தார். ரங்கராஜன் அவருடைய காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"கோவிந்தம்மா, இனிமே 'தற்காலிகமா' இல்லை. நிரந்தரம். இந்த ரூம் உன்னோடது. தீர்மானமே போட்டாச்சு."

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. "ஒரு சன்னல் வைங்க."

"சன்னல் வெச்சாச் சந்துலேர்ந்து தெரியுமே."

"அப்போ ஒரு ஃபேனு. பொகை இழுக்கறது."

"அது சத்தம் போடும்லா" என்றார் நல்லசிவம் சார். "கொள்கை அளவில ஒத்துக்கிடுதோம்."

"பூட்டுக்கு ஒரு சாவி என்னாண்ட இருக்கட்டும்."

"உள்ளேர்ந்து நீ எப்படி வெளிப்பூட்டைத் திறப்பே?" என்றார் சுந்தரேசன் சார், கனிவாக. தர்க்கத்தில் அவரை யாரும் வென்றதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். என் வீட்டில் இடம் இருந்தது. அப்பா அம்மாவைக் கேட்க வேண்டும், அவர்கள் அக்கம்பக்கத்தைக் கேட்பார்கள், அக்கம்பக்கம் என்றால் கமிட்டி. நான் செருப்பைப் பார்த்தேன். அவள் மேம்பாலத்தின் திசையைப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது, பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"நாளைக்கும் தரிசனம் உண்டா?" என்றாள்.

"காலங்கார்த்தால" என்றார் சுந்தரேசன் சார். "இப்பவே உள்ளே இருந்துட்டா உனக்கும் அலைச்சல் இல்லை."

கோவிந்தம்மாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசற்படியில் ஒரு தடவை நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தண்ணீரில் முங்கப் போகிறவள் மாதிரி உள்ளே போனாள்.

"வீடில்லாத ஒருத்திக்கு வீடு கொடுத்திருக்கோம்" என்று சுந்தரேசன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த டில்லியில வேற யார் செய்வா?"

உண்மைதான். ஜங்புராவில் அவள் வீட்டை இடிக்க வந்தவர்கள்கூட முதலில் அவளை வெளியே வரச் சொன்னார்கள். நாங்கள் அந்தச் சிரமத்தைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை. நல்லசிவம் சார் தகரக் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.